தான் எழுதியதைத் தான் மட்டுமே படித்த டிரைவ்: ஒரு பழைய நோட்புக்கின் ஃப்ளாப்பி பழுது

நண்பர் ஒருவர் தன் அப்பாவின் நோட்புக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். 386 எஸ்எக்ஸ் பிராசசர், கறுப்பு வெள்ளைத் திரை, 1990களின் தொடக்கத்தில் வந்த மாடல். அப்பா எழுதிய கடிதங்கள் எல்லாம் அதன் ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன, எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

ஆன் செய்ததும், செட்டிங் சரியில்லை, செட்டப் புரோகிராமை ஓட்டு என்று திரையில் வந்து நின்றுவிட்டது. உள்ளே இருக்கும் சிறிய பேட்டரி தீர்ந்துபோய், எந்த வகை ஹார்டு டிஸ்க் மாட்டியிருக்கிறது என்பதையே மெஷின் மறந்துவிட்டது. இப்போதைய கம்ப்யூட்டர் என்றால் ஒரு கீயை அழுத்தி, மெஷினுக்குள்ளேயே இருக்கும் செட்டிங் பகுதியான பயாஸுக்குள் போய்விடலாம். அந்தக் காலத்து நோட்புக்குகள் பலவற்றில் அந்த வசதி கிடையாது. செட்டப் புரோகிராமே ஒரு ஃப்ளாப்பியில்தான் வரும். அந்த ஃப்ளாப்பி பையில் பத்திரமாக இருந்தது. அதைப் படிக்க வேண்டிய டிரைவ்தான் வேலை செய்யவில்லை. ஹார்டு டிஸ்க்கைத் திறக்கும் சாவி செட்டப் டிஸ்க்கில், செட்டப் டிஸ்க்கைத் திறக்கும் சாவி இந்த டிரைவில்.

முதல் வேலையாக, நன்றாக இயங்குகிற என் டெஸ்க்டாப் டிரைவில் அந்த செட்டப் டிஸ்க்கைப் போட்டு முழுப் பிரதி எடுத்து வைத்தேன். பழுதான டிரைவுக்குள் ஒரிஜினல் டிஸ்க்கைப் போடவே கூடாது. டிஸ்க்கைத் தொட்டு எழுதிப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு ஒட்டியிருந்தால் ஒரே சுற்றில் டிஸ்க்கின் பூச்சைச் சுரண்டி வட்டமாகக் கோடு போட்டுவிடும். அந்தக் கோட்டில் இருந்தது திரும்பி வராது.

டிரைவைக் கழற்றுவதற்கு முன் காதை வைத்துக் கேட்டால் பாதி நோய் தெரிந்துவிடும். ஆன் செய்ததும் விளக்கு எரிந்தது. ஹெட் பின்னால் போய் வரும் 'கர்ர்க்' சத்தம் கேட்டது. ஆகவே மின்சாரம் வருகிறது, ஹெட்டை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார் ஓடுகிறது, டிராக் 0 (டிஸ்க்கின் முதல் வட்டப் பாதை) சென்சாரும் பதில் சொல்கிறது. டிஸ்க் சுழலும் சத்தம் மட்டும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு மெல்லிய முனகல்.

நோட்புக் டிரைவுகளில் டெஸ்க்டாப்பின் 34 பின் கேபிள் இருக்காது. 26 கோடுகள் உள்ள தட்டையான ஃபிலிம் கேபிள் ஒன்றிலேயே சிக்னலும் 5 வோல்ட் சப்ளையும் சேர்ந்து வரும். கனெக்டரின் பூட்டை நகத்தால் மெதுவாகத் தூக்கிவிட்டுத்தான் கேபிளை உருவ வேண்டும். வேறொரு நோட்புக்கிலிருந்து எடுத்த டிரைவ் என்னிடம் இருந்தது, அதிலும் 26 பின்தான். மாட்டிப் பார்த்துவிடலாம் என்று கை போனது. மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரில் கிரவுண்ட் பின்களைச் சோதித்தேன். இரண்டு டிரைவிலும் அவை வேறு வேறு இடத்தில் இருந்தன. எண்ணிக்கை ஒன்றாக இருப்பதை நம்பி மாட்டியிருந்தால் 5 வோல்ட் ஏதாவது ஒரு சிக்னல் கோட்டில் ஏறியிருக்கும். கிரவுண்டையும் சப்ளையையும் மீட்டரில் பார்க்காமல் எந்த 26 பின் டிரைவையும் மாற்றி மாட்டாதீர்கள்.

மேல் தகட்டைத் திறந்ததும் முனகலின் காரணம் தெரிந்தது. இது பெல்ட் டிரைவ். ஓரத்தில் சிறிய மோட்டார், நடுவில் சுழல்தட்டு, இரண்டையும் இணைக்க ரப்பர் பெல்ட். அந்த பெல்ட் இப்போது பெல்ட்டாக இல்லை, தாராக உருகிப்போய் மோட்டார் புல்லியில் அப்பியிருந்தது. சுழல்தட்டின் விளிம்பில் கறுப்புக் கோடாகக் காய்ந்திருந்தது.

இந்தத் தாரைத் துடைக்கப் பொறுமை வேண்டும். தொட்ட இடமெல்லாம் ஒட்டும், விரலில் பட்டால் அடுத்து தொடுகிற ஹெட்டிலும் போய் உட்காரும். ஹெட்டின் மேல் ஒரு காகிதத் துண்டை மடித்து வைத்து மூடிவிட்டு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்துத் தேய்த்தேன். நாற்பது குச்சிக்கு மேல் ஆனது. புல்லியின் பள்ளத்தில் ஒரு துளிகூட மிச்சம் இருக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். அது வெறும் சுத்தத்துக்காக இல்லை, வேகத்துக்காக. அது பின்னால் வருகிறது.

புது பெல்ட்டுக்கு அளவு எடுக்க, பழைய பெல்ட் போன பாதையில் ஒரு தையல் நூலைச் சுற்றி வெட்டி நீட்டிப் பார்த்தேன். 178 மி.மீ. வந்தது. இறுக்கத்துக்காக 5 சதவீதம் அளவில் குறைத்து, 170 மி.மீ. சுற்றளவுள்ள தட்டை பெல்ட் வாங்கினேன். தடிமன் 0.7 மி.மீ. மாட்டியதும் தட்டு சுழன்றது. அந்தச் சத்தம் கேட்டபோது எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி.

வேகத்தைக் காதால் நம்ப முடியாது. 3.5 அங்குல டிரைவ் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்ற வேண்டும், அதாவது ஒரு சுற்றுக்கு 200 மில்லிசெகண்ட். 26 பின்னை 34 பின்னாக மாற்றும் ஒரு சிறிய அடாப்டர் பலகை வழியாக டிரைவை டெஸ்க்டாப்பில் இணைத்தேன். அடாப்டரிலும் கிரவுண்டையும் சப்ளையையும் பார்த்த பிறகுதான். 34 பின் பக்கம் 8ஆம் பின்னில் இண்டெக்ஸ் சிக்னல் வரும், சுற்றுக்கு ஒரு துடிப்பு. அதில், துடிப்பைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை வைத்தேன். டிரைவின் வெளியீடுகள் ஓப்பன் கலெக்டர் வகை, மின்னழுத்தம் எதிர்முனையிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே தனியாக அளந்தால் ஒன்றும் தெரியாது, டிரைவை இயக்கும் கம்ப்யூட்டர் பக்கத்துக் கன்ட்ரோலரோடு இணைத்த பிறகே துடிப்பு தெரியும்.

துடிப்புகளின் இடைவெளி 193க்கும் 197க்கும் நடுவே அலைந்தது. இங்கே இரண்டு நோய்கள் இருந்தன. வேகம் அதிகம் என்பது ஒன்று, வேகம் நிலையாக இல்லை என்பது இன்னொன்று.

அலைச்சலை முதலில் எடுத்துக்கொண்டேன். டிரைவின் அடிப்பலகையில் மின்சாரத்தைச் சீராக்கும் ஏழு சிறிய அலுமினிய கெப்பாசிட்டர்கள், பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டி பற்றவைக்கும் வகை. 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த இந்த வகை கெப்பாசிட்டர்கள் அடிவழியே கசிவதற்குப் பேர்போனவை. கண்ணுக்கு நன்றாகவே இருக்கும். பக்கத்தில் உள்ள ஈயம் பளபளப்பு இழந்து சாம்பல் நிறமாக இருக்கிறதா என்று பாருங்கள். சால்டரிங் அயர்னைத் தொட்டதும் மீன் கவிச்சி அடிக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். இங்கே இரண்டும் இருந்தன. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் மற்ற ஆறையும் எடுத்தேன்.

எடுக்கும்போது பிடுங்கவோ முறுக்கவோ கூடாது. கசிந்த திரவம் செம்புத் தடத்தின் அடியில் புகுந்து அதன் பிடியைத் தளர்த்தியிருக்கும், கெப்பாசிட்டரோடு தடமும் உரிந்து வரும். புது ஈயத்தை இரண்டு காலிலும் தாராளமாக வைத்து, இரண்டு அயர்னால் ஒரே நேரத்தில் சூடாக்கி மெல்லத் தூக்கினேன். ஆறு ஒழுங்காக வந்தன. ஏழாவதில் ஒரு தடம் ஏற்கெனவே அரித்துப் போயிருந்தது, மயிரிழைக் கம்பியால் பாலம் போட்டேன். பலகையை ஆல்கஹாலும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, காய்ச்சி வடித்த நீரில் அலசி, ஒரு இரவு முழுக்கக் காயவிட்டேன்.

பதிலுக்கு செராமிக் கெப்பாசிட்டர் வைத்தேன், இவற்றில் கசிய ஒன்றும் இல்லை. ஒரு விஷயம்: செராமிக்கில் மின்னழுத்தம் ஏற ஏறக் கொள்ளளவு குறையும், ஆகவே 5 வோல்ட் சுற்றுக்கும் 25 வோல்ட் தாங்குவதாகப் பார்த்து எடுத்தேன். டான்டலம் வகை கெப்பாசிட்டர் வைப்பவர்கள் அதன் மேல் உள்ள கோட்டைக் கவனிக்க வேண்டும். அலுமினிய கெப்பாசிட்டரின் மேல் இருக்கும் கறுப்பு அடையாளம் மைனஸ், டான்டலத்தின் கோடு பிளஸ். மாற்றி வைத்த டான்டலம் புகையும், தீப்பிடிக்கவும் செய்யும்.

மறுநாள் பார்த்தபோது அலைச்சல் போயிருந்தது. 194.8 மில்லிசெகண்டில் ஆடாமல் நின்றது. அதாவது 308 சுற்று. 8 சுற்று கூட ஓடினால் என்ன, கன்ட்ரோலர் இவ்வளவு வித்தியாசத்தைச் சமாளிக்கும் என்று நினைத்து, ஹெட்டைத் துடைத்துவிட்டு ஒரு காலி டிஸ்க்கை 1.44 மெகாபைட்டுக்கு ஃபார்மேட் செய்தேன். உடனே 'டிராக் 0 பேட், டிஸ்க் அன்யூசபிள்' என்று வந்தது. வேறு டிஸ்க், அதே பதில். மூன்றாவது டிஸ்க்குக்கும் அதேதான். மூன்று டிஸ்க்கிலும் டிராக் 0 கெட்டிருக்க வாய்ப்பில்லை என்று காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்துப்போனது, முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

1.44 மெகாபைட் டிஸ்க்கில் விநாடிக்கு 5,00,000 பிட் எழுதப்படுகிறது. 200 மில்லிசெகண்டில் 1,00,000 பிட், அதாவது 12,500 பைட். ஒரு டிராக்கில் இவ்வளவுதான் இடம். ஃபார்மேட் செய்யும்போது இண்டெக்ஸ் துடிப்பு வந்ததும் முன்னுரையாக 146 பைட் எழுதப்படும். பிறகு 18 செக்டார், அதாவது டிராக்கின் 18 துண்டுகள். ஒவ்வொன்றிலும் 512 பைட் தகவல், அதன் முகவரி, சரிபார்ப்பு எண், கடைசியில் 108 பைட் இடைவெளி எல்லாம் சேர்த்து 682 பைட். கூட்டிப் பார்த்தால் 18ஆவது செக்டாரின் தகவல் முடிவது 12,314ஆவது பைட்டில். ஆனால் 308 சுற்றில் ஓடும் டிரைவில் ஒரு சுற்றுக்கு 12,175 பைட்டுக்குத்தான் இடம். அடுத்த இண்டெக்ஸ் வந்ததும் கன்ட்ரோலர் எழுதுவதை நிறுத்திவிடும். கடைசி செக்டாரின் வால் 139 பைட் வெட்டுப்படுகிறது. எல்லா டிராக்கிலும் இதே கதை, டிராக் 0 முதலில் மாட்டிக்கொள்கிறது.

இந்த டிரைவுகளுக்கு வேகம் 1.5 சதவீதத்துக்கு மேல் மாறக் கூடாது என்று சொல்வார்கள். 12,500ஐ 1.015ஆல் வகுத்துப் பாருங்கள். 12,315 வரும். 12,314க்கு ஒரே ஒரு பைட் அதிகம். 1.5 என்ற எண்ணுக்குப் பின்னால் இப்படி ஒரு நெருக்கடி இருப்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சரி, 308 ஏன் வந்தது? மோட்டாரின் வேகத்தை அதன் மின்சுற்று கட்டுப்படுத்துகிறது, அது மாறவில்லை. மாறியது பெல்ட்டின் தடிமன். பெல்ட் புல்லியைச் சுற்றும்போது, பெல்ட் தடிமனின் நடுக்கோடு வரைதான் புல்லியின் உண்மையான அளவு. மோட்டார் புல்லியின் விட்டம் 6 மி.மீ., சுழல்தட்டின் விளிம்பு 40 மி.மீ. 0.5 மி.மீ. பெல்ட் போட்டால் 6.5க்கு 40.5 என்ற விகிதம். 0.7 போட்டால் 6.7க்கு 40.7. சின்ன புல்லிக்கு அந்த 0.2 பெரிய விஷயம், பெரிய தட்டுக்கு அது ஒன்றுமே இல்லை. வேகம் ஏறக்குறைய 2.6 சதவீதம் கூடும். 300க்கு 308 என்பது கிட்டத்தட்ட அதேதான். புல்லியில் பழைய தார் படலமாக மிச்சம் இருந்தாலும் இதே விளைவுதான் என்பதால்தான் நாற்பது குச்சி. 0.5 மி.மீ. பெல்ட் வரவழைத்து மாட்டினேன். 199.9 மில்லிசெகண்ட்.

ஹெட்டைத் துடைத்தேன் என்று மேலே ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். கீழ் ஹெட் அசையாதது, பயமில்லை. மேல் ஹெட் காகிதம் போல மெல்லிய ஒரு ஸ்பிரிங் தகட்டில் தொங்குகிறது. அதைத் தேவைக்கு மேல் தூக்கினாலோ பக்கவாட்டில் தள்ளினாலோ தகடு மடிந்துவிடும், பிறகு அந்த டிரைவ் உதிரி பாகத்துக்குத்தான் ஆகும். டிஸ்க் உள்ளே போகும் அளவுக்கு மட்டும் தூக்கி, ஆல்கஹாலில் நனைத்த மென்துணியால் முன்னும் பின்னும் இரண்டு தடவை. என் துணியில் பழுப்பாக வந்தது. ஸ்டெப்பரின் திருகுத்தண்டில் உறைந்திருந்த பழைய கிரீஸை எடுத்துவிட்டு மெல்லிய புது கிரீஸ் ஒரு பொட்டு வைத்தேன்.

இப்போது ஃபார்மேட் நூறு சதவீதம் போனது. ஒரு பைலை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டேன். ஒரு பிழை இல்லை. நண்பருக்கு போன் செய்து, டிரைவ் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

அன்று மாலை டெஸ்க்டாப்பில் எழுதிய செட்டப் டிஸ்க் பிரதியைப் போட்டேன். 'செக்டார் நாட் ஃபவுண்ட்'. இன்னொரு டிஸ்க், அதுவும் இல்லை. இந்த டிரைவில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கை டெஸ்க்டாப்பில் போட்டால் அங்கேயும் படிக்கவில்லை. தான் எழுதியதை மட்டும் அழகாகப் படிக்கிறது.

இப்படி நடந்தால் ஹெட் தன் பாதையிலிருந்து விலகி நிற்கிறது என்று பொருள். இந்த டிஸ்க்கில் இரண்டு டிராக்குகளுக்கு நடுவே உள்ள தூரம் 0.1875 மி.மீ.தான். ஹெட் அதில் கால் பங்கு தள்ளி நின்றாலும் எழுதுவதும் படிப்பதும் அதே தள்ளிய இடத்தில்தான் நடக்கும், ஆகவே தனக்குத் தான் சரியாகவே இருக்கும். அதே டிரைவில் எழுதி அதே டிரைவில் படித்துப் பார்ப்பதைச் சோதனையாக எடுத்துக்கொண்டதுதான் நான் செய்த தப்பு.

ஸ்டெப்பர் மோட்டாரைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஃபேக்டரியில் ஹெட்டைச் சரிசெய்த பின் அந்த ஸ்க்ரூ தலைகளில் ஒரு பொட்டு வார்னிஷ் வைத்து முத்திரை போடுவார்கள். இங்கே அந்த வார்னிஷ் உடைந்திருந்தது. எப்போதோ யாரோ திறந்து தளர்த்தியிருக்கிறார்கள். முதல் நாளே இதைப் பார்த்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் எந்த டிரைவைத் திறந்தாலும் முதலில் அந்த வார்னிஷைத்தான் பார்க்கிறேன். அது உடையாமல் இருந்தால் அந்த ஸ்க்ரூவைத் தொடவே மாட்டேன், கோளாறு பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கும்.

சரிசெய்ய நம்பகமான ஒரு அளவுகோல் வேண்டும். இதற்கென்றே தயாரித்த அலைன்மென்ட் டிஸ்க் என்னிடம் இல்லை. ஃபேக்டரியில் பதிவாகி வந்து, பிறகு யாரும் எழுதாத டிஸ்க் அடுத்தபடியாக நல்லது. ஒரு மவுஸோடு வந்த டிரைவர் டிஸ்க் கிடைத்தது. 720 கிலோபைட், டிராக்குக்கு 9 செக்டார், எழுத முடியாதபடி டிஸ்க் மூலையில் உள்ள சிறு ஜன்னல் திறந்தே இருக்கிறது. டெஸ்க்டாப்பில் அந்தக் காலத்து ஆப்பரேட்டிங் சிஸ்டமான டாஸை ஏற்றி இமேஜ்டிஸ்க் மென்பொருளை ஓட்டினேன். அதில் உள்ள அலைன்மென்ட் சோதனை ஒரே டிராக்கைத் திரும்பத் திரும்பப் படித்து எத்தனை செக்டார் கிடைக்கிறது என்று காட்டிக்கொண்டே இருக்கும். டிராக் 40இல் வைத்தேன். 9க்கு 2, சில நேரம் 3.

மோட்டார் இப்போது நிற்கும் இடத்தை ஊசியால் கீறிக் குறித்துக்கொண்டு, ஸ்க்ரூவைக் கால் திருப்பு மட்டும் தளர்த்தினேன். மோட்டாரின் உடலை மெதுவாகத் தள்ளினேன். தள்ளியது என்பதே பெரிய வார்த்தை, விரலை வைத்து நினைத்தால் போதும் என்கிற அளவுதான். 3, 5, 9. இன்னும் கொஞ்சம் போனபோது மறுபடி 4, பிறகு 0. ஆக, இரண்டு கரைகளும் தெரிந்துவிட்டன. இரண்டுக்கும் சரியாக நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். 9 வந்ததும் நிறுத்திவிடுவது தவறு, அது ஒரு கரையின் ஓரமாக இருக்கலாம், நாளைக்குச் சூடேறினால் வழுக்கிவிடும்.

ஸ்க்ரூவை இறுக்கும்போது மோட்டார் ஒரு மயிரளவு நகர்ந்துவிடுகிறது, மூன்று முறை அப்படி ஆனது. இரண்டு ஸ்க்ரூவையும் மாறி மாறி எட்டில் ஒரு திருப்பாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் எண்ணைப் பார்த்துப் பார்த்து முடித்தேன். பிறகு டிராக் 0, டிராக் 79, இரண்டு பக்க ஹெட்டும். எல்லாவற்றிலும் 9. ஸ்க்ரூ தலையில் நகப்பூச்சு ஒரு பொட்டு வைத்தேன்.

முன்பு நான் மகிழ்ந்து ஃபார்மேட் செய்த டிஸ்க்கை எடுத்துப் போட்டேன். படிக்கவில்லை. படிக்காததைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது.

டிரைவை நோட்புக்கில் மாட்டிய பிறகு இன்னொன்று எட்டிப் பார்த்தது. ஒரு டிஸ்க்கை எடுத்துவிட்டு வேறு டிஸ்க் போட்டாலும் பழைய டிஸ்க்கின் பைல் பட்டியலே வந்தது. டிஸ்க் மாறியதைச் சொல்லும் சிக்னல் டாஸுக்குப் போகாவிட்டால் இப்படித்தான் ஆகும். இந்த நிலையில் எதையாவது எழுதினால், பழைய டிஸ்க்கின் அட்டவணை புது டிஸ்க்கின் மேல் ஏறி அதை நாசமாக்கிவிடும். டிஸ்க் உள்ளே வந்ததை உணரும் சிறிய சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருந்தது. கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு இருபது முப்பது தடவை அழுத்தி எடுத்ததும் விட்டுவிட்டது.

செட்டப் பிரதி ஏறியது. ஹார்டு டிஸ்க் வகை எண்ணை அதன் மேல் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்துக் கொடுத்தேன். மறுபடி ஆன் செய்தபோது டாஸ் வந்தது. கடிதங்கள் ஒரே டைரக்டரியில் வரிசையாக இருந்தன. இரண்டு ஃப்ளாப்பியில் அடங்கிவிட்டன. நோட்புக்கிலேயே அவற்றைத் திறந்து பார்த்து முடித்துவிடாமல், இரண்டு டிஸ்க்கையும் டெஸ்க்டாப்பின் டிரைவில் போட்டேன். முதல் முயற்சியிலேயே எல்லா பைலும் வந்தன.

உள் பேட்டரியை மாற்றியாகிவிட்டது. ஹார்டு டிஸ்க் வகை எண்ணை ஒரு சீட்டில் எழுதி பேட்டரி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். செட்டப் டிஸ்க்கின் பிரதிகள் இரண்டு பையில் இருக்கின்றன, ஒரிஜினலைத் தனி உறையில் போட்டு நண்பரின் கையில் கொடுத்தேன்.